திரையில் படம் கிழிகிறதா? காசு செலவில்லாமல் சரி செய்யலாம்!

"புது கார்டு வாங்கிக் கொடுங்கள், அப்பா!"

கம்ப்யூட்டரில் விளையாடும் பையன் இருக்கிற வீட்டில் இந்தக் குரல் அடிக்கடி கேட்கும்.

போன வருஷம்தான் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். "மானிட்டர்" என்னும் திரையும் புதிதுதான். பெட்டியின் மேல் "144" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடைக்காரர் அதைக் காட்டித்தான் கூடுதல் விலை வாங்கினார்.

அப்படி இருந்தும், விளையாட்டில் கார் வேகமாகத் திரும்பும்போது படம் குறுக்கே வெட்டுப்படுகிறது. மேல் பாதி ஒரு பக்கம் போகிறது. கீழ்ப் பாதி ஒரு பக்கம் நிற்கிறது. சில சமயம் படம் திக்கித் திக்கி ஓடுகிறது.

கம்ப்யூட்டருக்குப் பலம் போதவில்லை என்று பையன் நினைக்கிறான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தகப்பனார் நினைக்கிறார்.

பல வீடுகளில் இந்த இரண்டுமே காரணம் இல்லை!

இந்த நோய்க்கு மருந்து அந்த மானிட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மருந்துப் புட்டியின் மூடியை யாரும் திறக்கவில்லை.

மருந்தின் பெயர் "அடாப்டிவ் சிங்க்". இசைந்து போவது என்று தமிழில் சொல்லலாம். யாரோடு யார் இசைந்து போவது? அதைத் தெரிந்துகொண்டால், எந்தப் பொத்தானை எதற்காக அழுத்துகிறோம் என்பதும் விளங்கிவிடும்.

சினிமா வேறு, விளையாட்டு வேறு

சினிமாவில் படம் ஓடுவது போலத் தெரிகிறது. உண்மையில் எதுவும் ஓடுவதில்லை. அசையாத படங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டுகிறார்கள். ஒரு விநாடிக்கு 24 படம். கண் ஏமாந்துபோகிறது!

ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். சுற்றுகிறவரின் கை வேகத்தைப் பொறுத்துப் படத்தின் வேகமும் மாறும். 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தது. வேகம் மாறினால் பேச்சும் பாட்டும் கெட்டுப்போகும் அல்லவா? ஆகவே 24 என்று நிலையாக வைத்துக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டர் திரையும் இதே வித்தைதான் செய்கிறது. வேகம்தான் அதிகம். சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். விளையாட்டுக்கென்று விற்கிற மானிட்டர் 144, 165, 240 தடவைகூடப் புதுப்பிக்கும்.

இந்தக் கணக்குக்கு "ஹெர்ட்ஸ்" என்று பெயர். ரேடியோ அலைகள் உண்டு என்று சோதனை செய்து காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹைன்ரிச் ஹெர்ட்சின் பெயர் அது. பாவம், அவர் 1894-ல், 36 வயதிலேயே இறந்துபோனார்.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

சினிமாவில் எல்லாப் படங்களும் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன. விளையாட்டில் அப்படி முடியாது. பையன் இடது பக்கம் திரும்புவானா, வலது பக்கம் திரும்புவானா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஒவ்வொரு படத்தையும் அந்தந்தக் கணத்திலேயே வரைய வேண்டும்.

வரைகிறவர் யார்? அவர்தான் "கிராபிக்ஸ் கார்டு". கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மின்விசிறியோடு உட்கார்ந்திருக்கும் பலகை. அதை ஓர் ஓவியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலியான ரோடும் நீல வானமும் என்றால் ஓவியர் சீக்கிரம் வரைந்துவிடுவார். குண்டு வெடிக்கிறது, புகை எழும்புகிறது, ஐம்பது பேர் ஓடுகிறார்கள் என்றால் நேரம் பிடிக்கும். ஒரு விநாடியில் 120 படம் வரும். அடுத்த விநாடியில் 70 படம்தான் வரும்.

ஓவியர் கைக்கு ஒரே வேகம் கிடையாது. திரைக்கோ ஒரே வேகம்தான் தெரியும். தகராறு இங்கேதான் ஆரம்பிக்கிறது!

போஸ்டர் ஒட்டுவது போல

மானிட்டர் ஒரு படத்தை முழுதாக ஒரே சமயத்தில் போடுவதில்லை. மேலே இருந்து கீழே, வரி வரியாகப் போடுகிறது.

பாதி வரி போட்டுக்கொண்டிருக்கும்போது, ஓவியர் அடுத்த படத்தை முடித்துத் தள்ளிவிடுகிறார். மானிட்டர் என்ன செய்யும்? மீதி வரிகளைப் புதிய படத்திலிருந்து போட்டுவிடும்.

சுவரில் பழைய சினிமா போஸ்டர் இருக்கிறது. அதன் கீழ்ப் பாதியை மறைத்துப் புது போஸ்டரை ஒட்டுகிறார்கள். மேலே ஒரு நடிகர் முகம், கீழே இன்னொரு நடிகர் கால்! திரையில் நடப்பது இதுதான். இதை ஆங்கிலத்தில் "டேரிங்" என்கிறார்கள். கிழிசல் என்று பொருள்.

இரண்டு படத்துக்கும் இடையே அசைவு கொஞ்சமாக இருந்தால் கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. வேகமாகத் திரும்பும்போதுதான் பளிச்சென்று தெரியும். கார் பந்தயத்திலும் துப்பாக்கி விளையாட்டிலும் பையன்கள் அதிகமாகப் புகார் சொல்வது இதனால்தான்.

பழைய வைத்தியம்

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. "வி-சிங்க்" என்று பெயர். பெரும்பாலான விளையாட்டுகளின் அமைப்புப் பக்கத்தில் இதைப் பார்க்கலாம்.

இதன்படி, திரை ஒரு படத்தை முழுதாகப் போட்டு முடிக்கும்வரை அடுத்த படம் காத்திருக்க வேண்டும். கிழிசல் அடியோடு நின்றுவிடும். ஆனால் வேறு தொல்லை வந்து சேரும்.

பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் பஸ் புறப்பட்டுவிடும். ஆள் வந்தாரா, வரவில்லையா என்று கண்டக்டர் பார்ப்பதில்லை.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில், விநாடியை ஆயிரம் பங்காக்கினால் 16.7 பங்குக்கு ஒரு பஸ். ஓவியர் 16 பங்கு நேரத்தில் படத்தை முடித்தால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். 17 பங்கு ஆனால்? பஸ் போய்விட்டது! ஒரு நூலிழையில் தவறிவிட்டது. அடுத்த பஸ் 33-வது பங்கில்தான். அதுவரை திரையில் பழைய படமே நிற்கும்.

ஓவியர் கொஞ்சம்தான் தாமதம் செய்தார். திரையிலோ விநாடிக்கு 60 படம் வரவேண்டிய இடத்தில் 30 படம் வருகிறது. "திக்குகிறது" என்று பையன் சொல்வது இதைத்தான்.

தவிர, முடிந்த படம் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடப்பதால், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அடி விழுவதற்கும் நடுவே சற்று நேரம் ஆகிறது. துப்பாக்கி விளையாட்டில் இது பெரிய விஷயம். எதிரி முந்திக்கொள்வான்.

கிழிசலா, திக்கலா? பல வருஷங்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

மாண்ட்ரியலில் ஒரு கூட்டம்

2013 அக்டோபர் மாதம். கனடா நாட்டில் மாண்ட்ரியல் நகரம். கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் "என்விடியா" கம்பெனி அங்கே ஒரு கூட்டம் நடத்தியது. அதன் தலைவர் ஜென்சன் ஹுவாங் ஒரு புதுச் சரக்கை அறிவித்தார். பெயர் "ஜி-சிங்க்".

யோசனை மிக எளிது. "பஸ் நேரத்தை ஏன் முன்கூட்டியே குறிக்க வேண்டும்? ஆள் வந்ததும் பஸ் புறப்படட்டுமே!"

அதாவது, ஓவியர் படத்தை முடித்ததும் திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். 17 பங்கில் முடித்தால் 17-ல். 12 பங்கில் முடித்தால் 12-ல். திரைக்கென்று தனி மணி கிடையாது. ஓவியர் கையைப் பார்த்துத் திரை நடக்கும். ஜதிக்கு ஆடுகிற பெண்ணைப் பார்த்து மிருதங்கக்காரர் அடியை நிறுத்தியும் விரட்டியும் வாசிப்பதில்லையா? அப்படி!

ஆனால் ஜி-சிங்க் மலிவாக வரவில்லை. மானிட்டருக்குள் என்விடியா செய்த தனிப் பலகை ஒன்றை வைக்க வேண்டும். முதலில் அதைத் தனியாகவே விற்றார்கள். ஆசுஸ் கம்பெனியின் ஒரு குறிப்பிட்ட மானிட்டரின் முதுகைக் கழற்றி, வாங்கியவரே மாட்டிக்கொள்ள வேண்டும். விலை 199 டாலர்!

போட்டிக் கம்பெனியான "ஏ.எம்.டி." சும்மா இருக்குமா?

2014 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே ஏ.எம்.டி. காட்டியது தனிப் பலகை எதுவும் மாட்டாத சாதாரண லாப்டாப்புகள். அவற்றிலும் இதே வித்தை நடந்தது! எப்படி?

லாப்டாப் திரைக்கு இந்தத் திறமை முன்பே இருந்தது. விளையாட்டுக்காக வைத்ததல்ல. பாட்டரியை மிச்சம் பிடிக்க வைத்தது. திரையில் ஒன்றும் அசையாதபோது எதற்காக விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்க வேண்டும்? தடவையைக் குறைத்தால் மின்சாரம் மிச்சம். கஞ்சத்தனத்துக்காகச் செய்த ஏற்பாடு விளையாட்டுக்கு உதவியது!

ஏ.எம்.டி. தன் சரக்குக்கு "பிரீசிங்க்" என்று பெயர் வைத்தது. "பிரீ" என்றால் இலவசம். போட்டிக் கம்பெனியைக் குத்திக் காட்டும் பெயர்!

2014 மே மாதத்தில் "வேசா" என்ற சங்கம் இதை ஒரு பொது விதியாக்கியது. திரைகளுக்கும் கேபிள்களுக்கும் விதி வகுக்கும் சங்கம் அது. "டிஸ்பிளேபோர்ட் 1.2-ஏ" என்ற விதியோடு "அடாப்டிவ் சிங்க்" சேர்க்கப்பட்டது. 2015 மார்ச்சில் பிரீசிங்க் மானிட்டர்கள் விற்பனைக்கு வந்தன.

என்விடியா சில வருஷங்கள் வீம்பாக இருந்தது. அதன் கார்டை வைத்திருப்பவர்கள் ஜி-சிங்க் மானிட்டர்தான் வாங்கவேண்டும். 2019 ஜனவரியில்தான் அது இறங்கி வந்தது. பொது விதிப்படி செய்த மானிட்டர்களும் தன் கார்டுகளோடு வேலை செய்யும் என்று அறிவித்தது. "400 மானிட்டர்களைச் சோதித்தோம், 12 தான் தேறின" என்ற கணக்கையும் கூடவே சொன்னது. தேறாதவற்றிலும் விரும்பினால் இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று வழி விட்டது.

ஒரு வேடிக்கை. இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் இன்று தலைமை இடம் ஒரே ஊர்தான். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் சாண்டா கிளாரா என்ற ஊர். ஏ.எம்.டி.யின் தலைவியாக 2014 அக்டோபரில் பொறுப்பேற்ற லிசா சூ தைவானில் பிறந்தவர். ஜென்சன் ஹுவாங்கும் அப்படியே. போதாக்குறைக்கு இருவரும் தூரத்து உறவினர்கள்!

இப்படிப் போட்டி போட்டதில் ஒரே பண்டத்துக்குப் பல பெயர் வந்துவிட்டது. ஜி-சிங்க், பிரீசிங்க், அடாப்டிவ் சிங்க், வி.ஆர்.ஆர். வாங்குகிறவர் குழம்பாமல் என்ன செய்வார்? மானிட்டரிலோ பெட்டியிலோ இந்த நாலு பெயரில் எது இருந்தாலும் சரி, உங்களிடம் மருந்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேபிளைப் பாருங்கள்

இப்பொழுது கம்ப்யூட்டருக்குப் பின்னால் போவோம். டார்ச் விளக்கு இருந்தால் நல்லது.

மானிட்டரிலிருந்து வரும் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் இரண்டு இடத்தில் இதற்குத் துளைகள் இருக்கலாம். பெரும்பாலான பெட்டிகளில், மேலே இருப்பவை தாய்ப் பலகையின் துளைகள். கீழே தனியாக இருப்பவை கிராபிக்ஸ் கார்டின் துளைகள். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். மேல் துளையில் சொருகிவிட்டு, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த கார்டைச் சும்மா உட்கார வைத்திருப்பவர்கள் உண்டு!

அடுத்து, எந்த ஜாதிக் கேபிள்? "டிஸ்பிளேபோர்ட்" கேபிள் நல்லது. அதன் முனையைப் பார்த்தால் ஒரு மூலை மட்டும் வெட்டியது போல இருக்கும். "எச்.டி.எம்.ஐ." கேபிளுக்கு இரண்டு மூலையும் சரிந்திருக்கும். எச்.டி.எம்.ஐ.யிலும் இந்த வேலை நடக்கும். ஆனால் கார்டும் மானிட்டரும் பழையவையாக இருந்தால் தகராறு செய்யும். மானிட்டர் பெட்டிக்குள்ளேயே டிஸ்பிளேபோர்ட் கேபிள் வந்திருக்கலாம். பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் தேடிப் பாருங்கள்.

மானிட்டரின் பொத்தான்

மானிட்டரின் கீழ் விளிம்பிலோ முதுகிலோ பொத்தான்கள் இருக்கும். அழுத்தினால் திரையில் ஒரு பட்டியல் வரும். அதில் "கேமிங்" என்ற பகுதியில் முன்பு சொன்ன பெயர்களில் ஒன்று இருக்கும். பக்கத்தில் "ஆப்" என்று இருந்தால் "ஆன்" ஆக மாற்றுங்கள்.

பல மானிட்டர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இது "ஆப்" நிலையில்தான் வருகிறது! இதை விளம்பரம் செய்து விற்கிற கம்பெனிகள் இதையே மூடி வைத்து அனுப்புவது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

இதைப் போட்டதும், அசைவு மங்கலைக் குறைக்கும் வேறொரு வசதி மங்கிப்போய்த் தொட முடியாமல் ஆகலாம். பயப்பட வேண்டாம். பல மானிட்டர்களில் இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்யாது.

60-லேயே தூங்கும் 144

மூன்றாவது இடம் விண்டோஸ். வெறும் திரையில் எலியின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னப் பட்டியல் வரும். அதில் "டிஸ்பிளே செட்டிங்ஸ்". அதற்குள் கீழே "அட்வான்ஸ்டு டிஸ்பிளே". அங்கே "ரிப்ரெஷ் ரேட்" என்று ஓர் எண் இருக்கும்.

என்ன எண்? 60 என்று இருந்தால் உங்கள் 144 இதுவரை தூங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்! பட்டியலில் உள்ள பெரிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே எலியின் அம்பு வழுக்கிக்கொண்டு ஓடுவது தெரியும். கூடுதல் விலை எதற்காகக் கொடுத்தோம் என்பது அப்போதுதான் வீட்டாருக்குப் புரியும்.

பெரிய எண் பட்டியலிலேயே இல்லையா? மறுபடியும் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

கார்டின் பலகை

நாலாவது இடம் கிராபிக்ஸ் கார்டின் சொந்தப் பலகை.

என்விடியா கார்டு என்றால் "என்விடியா கண்ட்ரோல் பேனல்" என்று ஒன்று இருக்கும். அதில் "செட் அப் ஜி-சிங்க்" என்ற வரியைத் திறந்து, முதல் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். உங்கள் மானிட்டர் என்விடியாவின் சோதனையில் தேறாத ஜாதி என்றால் கீழே இன்னொரு கட்டம் இருக்கும். அதிலும் டிக் அடிக்க வேண்டும். ஏ.எம்.டி. கார்டில் "அட்ரினலின்" என்ற பலகையைத் திறந்து, "டிஸ்பிளே" பகுதியில் பிரீசிங்க் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தானே போட்டிருக்கும். இன்டெல் கம்பெனியின் ஆர்க் கார்டுகளிலும் இந்த வசதி உண்டு.

141 என்ற எண்

இத்தனையும் செய்த பிறகும் சிலர் "கிழிசல் போகவில்லை" என்பார்கள். அவர்களுடைய கம்ப்யூட்டர் பலமானதாக இருக்கும்! ஆச்சரியமாக இருக்கிறதா?

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 144 தடவைக்கு மேல் புதுப்பிக்க முடியாது. எளிய விளையாட்டில் ஓவியர் 200 படம் வரைந்து தள்ளுகிறார். பஸ்ஸின் வேகத்தை விட ஆட்கள் வரும் வேகம் அதிகம். அப்போது இசைந்து போவது நின்றுவிடும். பழையபடி கிழிசல், அல்லது வி-சிங்க் போட்டிருந்தால் காத்திருப்பு.

ஆகவே ஓவியருக்குக் கடிவாளம் போட வேண்டும். மானிட்டரின் எண்ணுக்கு 3 குறைவாகப் போடுவது அனுபவசாலிகளின் வழக்கம். 144-க்கு 141. 165-க்கு 162. 75-க்கு 72. விளையாட்டின் அமைப்புப் பக்கத்திலேயே "பிரேம் ரேட் லிமிட்" என்று இருந்தால் அங்கே போடுவதே மேல். இல்லாவிட்டால் கார்டின் பலகையில் போடலாம்.

இதோடு இன்னொரு விஷயம். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் விளையாட்டுக்குள் இருக்கும் வி-சிங்க்கை எடுத்துவிட்டு, கண்ட்ரோல் பேனலில் இருக்கும் வி-சிங்க்கைப் போட்டுவைப்பது நல்லது. "காத்திருக்க வைக்கும் சனியன் என்றீர்களே, அதை ஏன் மறுபடி கூப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். 141-க்குள் இருக்கும் வரை அது யாரையும் காத்திருக்க வைக்காது. ஏதாவது ஒரு படம் எல்லையைத் தாண்டி வந்தால் திரையின் அடியில் தெரியும் சின்னக் கிழிசலை மட்டும் தடுக்கும். வாசலில் நிற்கும் காவல்காரர் போல.

சில புது விளையாட்டுகளில் "ரிப்ளெக்ஸ்" என்ற என்விடியா வசதி இருக்கும். ஜி-சிங்க்கும் வி-சிங்க்கும் போட்டிருக்கும்போது அதையும் போட்டால், 144 மானிட்டரில் அது தானாகவே 138 பக்கம் கடிவாளம் போட்டுக்கொள்ளும். "138-லேயே நிற்கிறதே, பழுதோ?" என்று பயப்பட வேண்டாம்.

கீழ் எல்லையும் உண்டு

மேலே எல்லை இருப்பது போல் கீழேயும் ஓர் எல்லை உண்டு. மானிட்டரின் விவரத் தாளில் "48 முதல் 144 வரை" என்று போட்டிருக்கும்.

ஓவியர் களைத்துப்போய் விநாடிக்கு 40 படம்தான் தருகிறார் என்றால்? நல்ல மானிட்டரில் ஒரு தந்திரம் நடக்கும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டிவிடுவார்கள். 40 இரட்டிப்பானால் 80. அது 48-க்கும் 144-க்கும் நடுவே வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது!

ஆனால் "48 முதல் 75 வரை" என்று போட்ட மானிட்டரில் இந்தத் தந்திரம் பலிக்காது. 80 என்பது 75-க்கு மேல். நுழைய இடம் இல்லை. புதிதாக மானிட்டர் வாங்குகிறவர்கள் மேல் எண் கீழ் எண்ணைப் போல் இரண்டு மடங்காவது இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம். விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

திரை மினுமினுத்தால்

சில மானிட்டர்களில் இதைப் போட்டதும் திரை லேசாக மினுமினுக்கும். இருட்டான காட்சியிலும், விளையாட்டு அடுத்த கட்டத்தை ஏற்றும்போதும் அதிகமாகத் தெரியும். "வி.ஏ." என்ற ஜாதித் திரைகளிலும் "ஓலெட்" திரைகளிலும் இந்தத் தொல்லை கூடுதல். ஒரு படம் திரையில் நிற்கும் நேரம் மாற மாற, அதன் வெளிச்சமும் இம்மியளவு மாறுகிறது. கண் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

மானிட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். கடிவாளத்தை இன்னும் குறைத்துப் பாருங்கள். 141-க்கும் 60-க்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கிற விளையாட்டை 90-ல் கட்டிப் போட்டால், தாவல் குறையும், மினுமினுப்பும் அடங்கும். அப்படியும் தொல்லை என்றால், அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் எடுத்துவிடலாம்.

டெலிவிஷனில் விளையாடுகிறவர்கள்

கம்ப்யூட்டர் இல்லாமல் "பிளேஸ்டேஷன்", "எக்ஸ்பாக்ஸ்" பெட்டிகளை டெலிவிஷனில் மாட்டி விளையாடும் வீடுகளும் உண்டு. அங்கே இதற்கு "வி.ஆர்.ஆர்." என்று பெயர். எக்ஸ்பாக்ஸில் 2018-லேயே வந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 5-க்கு 2022 ஏப்ரலில் வந்தது.

டெலிவிஷனில் எல்லா எச்.டி.எம்.ஐ. துளையும் ஒன்று போல் இருக்காது. சில மாடல்களில் ஒன்றிரண்டு துளைகளில்தான் இந்த வசதி இருக்கும். டெலிவிஷனோடு வந்த புத்தகத்தைப் பார்த்துச் சரியான துளையில் சொருகுங்கள். டெலிவிஷனிலும் "கேம் மோட்" போட வேண்டும்.

இது செய்யாத வேலை

இந்த மருந்து ஓவியரின் கையை வேகமாக்காது. விநாடிக்கு 25 படம் வருகிற கம்ப்யூட்டரில் இதைப் போட்டால் 60 ஆகாது. கிழியாத 25-தான் வரும். அப்படிப்பட்டவர்கள் விளையாட்டின் அமைப்பில் "ஷேடோ" என்ற நிழல் தரத்தை முதலில் குறைத்துப் பார்க்கலாம். நிழல் வரைய ஓவியருக்கு நேரம் அதிகம் பிடிக்கும். நிழல் கொஞ்சம் மங்கினால் பையனுக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை. இதற்குப் பிறகும் எண் ஏறவில்லை என்றால், புது கார்டு கேட்கும் பையன் பக்கம் நியாயம் இருக்கிறது.

புதிய இடத்துக்குள் நுழையும்போது அரை விநாடி அப்படியே உறைந்து நிற்கிறதே, அதற்கும் இது மருந்து ஆகாது. அது டிஸ்கும் நினைவகமும் விளையாட்டு எழுதிய விதமும் சம்பந்தப்பட்ட விவகாரம்.

போட்டிகளில் ஆடும் சில வீரர்கள் எந்த சிங்க்கும் வேண்டாம் என்று எடுத்துவிடுகிறார்கள். விநாடிக்கு 300, 400 படம் வருகிற கம்ப்யூட்டரில் கிழிசல் அவ்வளவாகத் தெரியாது. கை வேகம்தான் அவர்களுக்கு முக்கியம். வீட்டுப் பையன் அவர்களைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

வேலை செய்கிறதா என்று பார்க்க

மானிட்டரின் பட்டியலில், திரையின் மூலையில் எண்ணைக் காட்டும் வசதி பலவற்றில் உண்டு. அதைப் போட்டுவிட்டு விளையாட்டைத் தொடங்கச் சொல்லுங்கள். பையன் காரைத் திருப்பட்டும். 97, 112, 88, 104 என்று எண் ஆடினால் திரை ஓவியரோடு இசைந்து நடக்கிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் "டிஸ்பிளே" என்ற மேல் பட்டியலில் ஓர் அடையாளத்தைப் போட்டுக்கொண்டால், வேலை நடக்கும்போது திரையின் ஓரத்தில் எழுத்தில் காட்டும்.

எண் 144-லேயே அசையாமல் நின்றால், விளையாட்டு முழுத் திரையில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சின்ன ஜன்னலுக்குள் ஓடினால் சில அமைப்புகளில் இது நடக்காது. முழுத் திரையிலும் நின்றால் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் கேபிளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.